துயருக்கு நாள் குறித்தல்

இயல்பான மனம் எது, பிறழ்ந்த மனம் எது என்ற வினாவிற்கு உளவியல் பாடநூல்கள் வழக்கமாக நான்கு அளவுகோல்களைத் தருகின்றன. ஒரு நடத்தை பெரும்பாலோரிடம் காணப்படாத அரிய நடத்தையா? சமூகம் ஏற்றுக்கொள்ளாத நடத்தையா? அதற்குரியவருக்கு வேதனை தருகிறதா? அன்றாட வாழ்வை நடத்தவொட்டாமல் அவரைத் தடுக்கிறதா? கல்லூரி மாணவர் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடும் விடைதான் இது. ஆயினும் ஒரு மனிதரை ‘நோயாளி’ என்று அழைப்பதா, அல்லது ‘துன்புறுகிறவர்’ என்று அழைப்பதா என்பதை இந்நான்கு கேள்விகளே தீர்மானிக்கின்றன. ஆகவே இவற்றைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

தனித்தனியே எடுத்தால் நான்கும் தடுமாறுகின்றன. அரியது எல்லாம் பிறழ்வு என்றால் கணித மேதையும் இசை மேதையும் நோயாளிகள் ஆவர். சமூகம் ஏற்காதது பிறழ்வு என்றால், அசிசி நகர ஆயரின் முன்னிலையில் தம் ஆடைகளைக் களைந்து தந்தையிடமே திருப்பிக் கொடுத்த பிரான்சிஸ் என்ற இளைஞரை நாம் இன்று புனிதர் என வணங்க இயலாது. அந்நகரத்தார் அவரைப் பித்தர் என்றே எண்ணினர். வேதனையை அளவுகோலாகக் கொண்டால், பித்தெழுச்சி என்னும் நிலையில் உள்ளவர் தமக்கு ஒரு குறையும் இல்லை என்று மகிழ்ந்து, குடும்பச் சொத்தை ஒரே வாரத்தில் செலவழித்து விடுகிறார். செயல்திறன் குன்றுதலைக் கொண்டாலோ, ஊர் தோறும் வேலையின்றி வாடும் இளைஞர் கூட்டத்தை என்னென்பது? எனவே உளவியலார் இந்நான்கையும் ஒன்றாகப் பின்னி ஒரு வரையறையை நெய்ய முயன்றனர். அந்த நெசவையே இங்குத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

அது இடம்பெற்றுள்ள நூல், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிடும் மனநோய்க் கையேடு. டி.எஸ்.எம். என்ற சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்படுவது. முதற்பதிப்பு 1952இல் வந்தது, இரண்டாவது 1968இல். வியப்பு என்னவெனில், இவ்விரு பதிப்புகளிலும் நோய்களின் பட்டியல் இருந்ததேயன்றி, மனநோய் என்றால் என்ன என்ற வரையறை இல்லை. ராபர்ட் ஸ்பிட்ஸர் என்பார் தலைமையில் 1980இல் வந்த மூன்றாம் பதிப்பிலேதான் முதன்முறையாக வரையறை தரப்பட்டது. சமையலறையில் இருப்பவற்றையெல்லாம் எண்ணி எழுதிவிட்டு, இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, ‘உணவு என்பது யாது?’ என்று கேட்பது போன்றது இது!

அப்படிக் கேட்க வேண்டிய நெருக்கடி வெளியிலிருந்து வந்தது. மருத்துவத்தின் பெயரால் மனிதரை அடக்கிய கதைகள் பல. 1851இல் அமெரிக்காவின் தென்மாநிலத்து மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், எசமானரை விட்டுத் தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளுக்கு ஒரு புதிய மனநோய் கண்டுபிடித்தார்; ஓடத் துடிப்பதே நோய் என்றார். சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்துப் பேசியோர் ‘மந்தகதி மனச்சிதைவு’ உடையோர் எனப்பட்டு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். 1973இல் அமெரிக்கச் சங்கம் தன் பட்டியலிலிருந்து ஒருபால் ஈர்ப்பை நீக்கியது. அடுத்த ஆண்டு உறுப்பினர் வாக்கெடுப்பில் அம்முடிவு உறுதி செய்யப்பட்டது. அவ்விவாதத்தில் முன்னின்ற ஸ்பிட்ஸரை நோக்கி எழுந்த கேள்வி எளியது: எதை வைத்து ஒன்றை நோய் என்கிறீர்கள்? உரியவருக்கு வேதனையையோ, வாழ்வு நடத்துவதில் பரவலான குறைபாட்டையோ தரவேண்டும் என்று அவர் அன்று சொன்ன விடையே பின்னர் வரையறையின் விதையாயிற்று.

இன்று வழக்கிலுள்ள வரையறையை நம் சொற்களில் இவ்வாறு கூறலாம்: அறிவு, உணர்ச்சிக் கட்டுப்பாடு, நடத்தை ஆகியவற்றுள் மருத்துவ முக்கியத்துவம் உடைய ஒரு குலைவு வேண்டும், அக்குலைவு மனத்தின் உட்செயல்பாட்டில் ஏற்பட்ட பழுதைக் காட்ட வேண்டும், பெரும்பாலும் அதனோடு வேதனையோ இயலாமையோ சேர்ந்திருக்கும். இதையடுத்து இரு விலக்குகள் வருகின்றன. சமூகத்தோடு முரண்படுவது மட்டுமே நோயாகாது என்பது ஒன்று. அன்புக்குரியவரின் மரணம் போன்ற இழப்பிற்கு எதிர்பார்க்கத்தக்க, அல்லது பண்பாடு ஏற்கும் எதிர்வினை நோயாகாது என்பது மற்றொன்று. வரையறையின் உயிர், என் கருத்தில், இவ்விரு விலக்குகளிலேதான் இருக்கிறது. வேலியை அறிய வேண்டுமானால் வாசலைப் பார்க்க வேண்டும்.

பழுது என்ற சொல்லைக் கூர்மைப்படுத்தியவர் ஜெரோம் வேக்பீல்டு. 1992இல் எழுதிய கட்டுரையில் அவர் மனநோய்க்கு இரு கூறுகள் வேண்டும் என்றார். இயற்கையாக அமைந்த ஒரு செயல்பாடு கெட்டிருக்க வேண்டும். அது தீங்காகவும் இருக்க வேண்டும். முதலாவது அறிவியல் சொல்ல வேண்டியது. இரண்டாவது சமூகத்தின் மதிப்பீடு. இப்பிரிவினை தெளிவானது, நேர்மையானதும்கூட. ஆனால் கண்ணின் செயல் பார்ப்பது என்று சொல்வது போல, துயரத்தின் செயல் இன்னது என்று யார் சொல்ல வல்லார்? அழுகை எப்பொழுது தன் வேலையைச் செய்கிறது, எப்பொழுது பழுதாகிறது? வரையறையின் வலிமையைச் சோதிக்க இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. ஏனெனில், அடிமையின் ஓட்டம் பிறருக்கு நேர்ந்தது. பித்தெழுச்சி சிலருக்கு நேர்வது. சாவுத் துயரம் எல்லார் வீட்டுக்கும் வருவது.

சிக்மண்ட் பிராய்டு 1917இல் வெளியிட்ட ‘துக்கமும் சோர்வு நோயும்’ என்ற கட்டுரையில், இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதைக் காட்டினார். ஆனால் துக்கத்தை நோய் என்று கருதி மருத்துவரிடம் அனுப்ப எவருக்கும் தோன்றுவதில்லை என்றார். துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது. சோர்வு நோயில் தன் உள்ளமே வெறுமையாகித் தன்னைத் தானே இழித்துக்கொள்கிறது என்று அவர் கண்ட வேறுபாடு இன்றளவும் வெல்லப்படவில்லை. பின்னர், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பாலா கிளேட்டன் என்ற மருத்துவர், துணையை இழந்த ஆண்களையும் பெண்களையும் சந்தித்து ஆராய்ந்தார். மரணம் நிகழ்ந்த ஒரு மாதத்தில், அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் சோர்வு நோய்க்குரிய அறிகுறிகள் யாவும் இருந்தன என்று 1972இல் எழுதினார். உறக்கமின்மை, பசியின்மை, அழுகை, ஆர்வமின்மை எனப் பட்டியல் முழுவதும் பொருந்தியது. ஆனால் அவர்களை நோயாளிகள் என்று சொல்வது முறையன்று. அறிகுறியை மட்டும் எண்ணினால் மனிதர் தவறிப்போவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

எனவே 1980ஆம் ஆண்டுப் பதிப்பு துக்கத்திற்கு விலக்கு அளித்தது. ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரம் நீடித்தால் சோர்வு நோய். ஆனால் அது சாவுத் துயரத்தால் வந்ததாயின் நோயன்று. 1994இல் வந்த நான்காம் பதிப்பு இதற்கு இரண்டு மாத எல்லை வகுத்தது. தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், தான் எதற்கும் உதவாதவர் என்ற உணர்வு முதலிய கடும் அறிகுறிகள் இருந்தால் அந்த எல்லையும் பொருந்தாது என்றது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு விலக்கையே எடுத்துவிட்டது! கணவரை அடக்கம் செய்து பதினைந்து நாள் ஆன பெண்ணை, எழுத்தளவில், சோர்வு நோயாளி என அழைக்க வழி திறந்தது. அதற்கு ஈடாக ஓர் அடிக்குறிப்பு சேர்க்கப்பட்டது. துக்கத்தில் வெறுமை மேலோங்கும், அது அலையலையாக வரும், தன்மதிப்பு பெரும்பாலும் குலையாது என்று அக்குறிப்பு விளக்குகிறது. பிராய்டு கட்டுரையாக எழுதியது, ஒரு நூற்றாண்டு நெருங்குகையில் அடிக்குறிப்பாகச் சுருங்கிற்று.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. நான்காம் பதிப்பின் தலைவராக இருந்த ஆலன் பிரான்சஸே, இயல்பான துயரை நோயாக்குகிறீர்கள் என்று எழுதினார். வேக்பீல்டு, சமூகவியலாளர் ஆலன் ஹார்விட்ஸுடன் சேர்ந்து 2007இலேயே ஒரு நூல் எழுதி, தவறு எதிர்த்திசையில் இருப்பதாகக் காட்டியிருந்தார். சாவுக்கு விலக்கு உண்டு என்றால், வேலை போனவருக்கும் மணவாழ்வு முறிந்தவருக்கும் ஏன் இல்லை என்பது அவர்கள் வினா. 2011இல் தம் மனைவியை இழந்த ஆர்தர் கிளைன்மன், தாமே உளமருத்துவரும் மானிடவியலாளரும் ஆவார். ‘லான்செட்’ மருத்துவ இதழில் மறு ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில், மாதக்கணக்கில் நீடித்த தம் துயரத்தை நோய் என்று எண்ணத் தமக்கு மனம் வரவில்லை எனத் தெரிவித்தார். மருத்துவர் தம் துயரத்தையே சான்றாக வைத்து எழுதுவது அரிது. அதனாலேயே அது பலரைத் தொட்டது.

மறுபக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். விலக்கை நீக்கியோர் கல்நெஞ்சர் அல்லர். கணவர் இறந்தபின் மூன்று வாரமாக உண்ணாமல், ‘நான் போய்ச் சேருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரை, ‘துக்கந்தானே, ஆறிவிடும்’ என்று மருத்துவர் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதே அவர்கள் கவலை. துக்கம் உண்மையான சோர்வு நோயைத் தூண்டிவிடவும் கூடும். துக்கத்தில் இருப்பதாலேயே ஒருவருக்கு மருத்துவம் மறுப்பது நீதியாகாது. இக்கவலை நியாயமானது. குறை எங்கே எனில், மருந்துக்கான கதவைத் திறப்பதற்காக வரையறையின் சுவரை இடித்ததில்தான். ஒருவருக்கு உதவி தேவை என்பதும், அவர் நோயாளி என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் நோயின் பெயர் எழுதப்படாமல் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது என்ற நடைமுறை, இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. அந்நாட்டுப் பணப்பை வகுத்த வழியில் உலகெல்லாம் நடக்க வேண்டியதாயிற்று.

2022இல் கதை மற்றொரு திருப்பம் பெற்றது. திருத்தப்பட்ட ஐந்தாம் பதிப்பில் ‘நீடித்த துயர்க் கோளாறு’ என்ற புதிய நோய் இடம்பெற்றது. இறந்தவரைப் பற்றிய ஏக்கமோ நினைவோ ஏறக்குறைய நாள்தோறும் ஆட்கொள்ள, தன்னில் ஒரு பகுதியே போய்விட்டது போன்ற உணர்வு, மரணத்தை நம்ப இயலாமை, நினைவூட்டுபவற்றைத் தவிர்த்தல், கடும் வலி, உணர்ச்சி மரத்தல், வாழ்வில் பொருளின்மை, தனிமை, பழைய உறவுகளுக்குத் திரும்ப இயலாமை ஆகிய எட்டனுள் மூன்றேனும் இருக்க வேண்டும். பெரியவர்களாயின் மரணம் நிகழ்ந்து பன்னிரண்டு மாதம், சிறுவர்களாயின் ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப்பட்டியலும் இதே நோயை ஏற்றது. அங்கே எல்லை ஆறு மாதம். ஆக, எட்டாம் மாதத்தில் அழும் ஒரு தாய் ஜெனீவாவின் கணக்கில் நோயாளி ஆகக்கூடும். வாஷிங்டன் கணக்கில் ஆகமாட்டார். காய்ச்சலுக்கோ எலும்பு முறிவுக்கோ இப்படி ஒரு முரண் இருக்குமா?

இருந்தும், இந்நோயை வெறும் கற்பனை என்று ஒதுக்குவது அவசரம். ஹாலி பிரிகர்சன், கேத்தரின் ஷியர் முதலியோரின் பல்லாண்டு ஆய்வுகள், ஆண்டுகள் சென்றும் துயரம் முதல் நாள் போலவே உறைந்துவிட்ட சிலர் இருப்பதைக் காட்டுகின்றன. ஷியர் வகுத்த, ஏறத்தாழ பதினாறு அமர்வுகள் கொண்ட உரையாடல் முறை அவர்களுக்குப் பயன் தருகிறது. 2016இல் வெளியான சோதனையில், சோர்வு நோய் மருந்து இத்துயரத்தைத் தணிப்பதில் கூடுதலாக உதவவில்லை. உடன் சேர்ந்திருந்த சோர்வு அறிகுறிகளுக்கே உதவியது. இது கவனத்திற்குரிய செய்தி. துக்கமும் சோர்வு நோயும் வேறு வேறு என்று பிராய்டு எழுதியதை மருந்தே ஒப்புக்கொள்கிறது. ஆதலின், உறைந்த துயரம் என ஒன்று உண்டு. அதற்கு உதவியும் உண்டு. ஐயமெல்லாம், அதைக் கண்டறியும் கருவியாக நாட்காட்டியை வைத்ததைப் பற்றியதே.

நாட்காட்டிக்கு ஒரு தொடக்க நாள் வேண்டும் அன்றோ? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய கடற்கரை ஊர்களின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள் அவர்கள், எச்சரிக்கை எட்டவில்லை. திரும்பாதோர் பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அவ்வீடுகளில் பன்னிரண்டு மாதத்தை எந்நாளிலிருந்து எண்ணுவது? புயல் வீசிய நாளா, தேடுதல் நின்ற நாளா, இழப்பீட்டுக் காசோலை வந்த நாளா? காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ள நம் நாட்டுச் சான்றுச் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. மரணத்தை நம்ப இயலாமை என்று கையேடு எண்ணும் அறிகுறியை இங்கே எவ்வாறு வாசிப்பது? உடலைக் காணாத மனைவி நம்ப மறுப்பது பழுதுபட்ட மனமா, அல்லது நேர்மையான அறிவா? இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்ட மக்களின் தாய்மார், 2017 பிப்ரவரி முதல் பிள்ளைகளின் படங்களோடு தெருவோரப் பந்தல்களில் அமர்ந்தனர். அவர்களது கேள்வியும் இதுவே. பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு பழகியே அவர் இக்கருத்தை உருவாக்கினார். குழப்பம் சூழலில் இருக்கிறது, அம்மனிதரின் மனத்தில் இல்லை என்பது அவர் வாதம். கையேட்டு வரையறையோ பழுதைத் தனிமனிதருக்குள்ளேயே தேடுகிறது. இங்கே வரையறை தவறுகிறது என்றே சொல்ல வேண்டும்.

நூலாசிரியர்கள் இதை உணராதவர் அல்லர். அதனாலேதான் இரு பட்டியல்களிலும் ஒரு நிபந்தனையை வைத்தனர்: துயரம் அம்மனிதரின் சமூக, பண்பாட்டு, சமய வழக்கில் எதிர்பார்க்கப்படும் அளவை வெளிப்படையாக மீறியிருக்க வேண்டும். நாட்காட்டி கொண்டு அளந்தபின், அளவு போதாது என்று கண்டு, தீர்ப்பை ஊராரிடமே திருப்பி ஒப்படைக்கிறார்கள். அப்படியானால் இனி விசாரணை நம்மை நோக்கித் திரும்புகிறது. நம் வழக்கில் எதிர்பார்க்கப்படும் அளவு எது? திருச்சபையின் பழைய வழிபாட்டு மரபு மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு என்று இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொன்னது. நவம்பர் 2ஆம் நாள் ஆண்டுதோறும் கல்லறைக்கு அழைக்கிறது. ஒப்பாரி பாடத் தெரிந்த பெண்கள் ஊரில் இருந்தனர். அழுகைக்கு மொழியும் இடமும் துணையும் இருந்தன. இன்று மூன்றாம் நாளிலேயே பந்தலைப் பிரித்து, விடுப்பு முடிந்து பேருந்து ஏறிவிடுகிறோம். ஊர் எதிர்பார்க்கும் அளவு சுருங்கச் சுருங்க, அதை மீறுவோர் தொகை பெருகும். எவரும் முன்னைவிட மிகுதியாக அழாமலே நோயாளிகள் கூடுவர்.

பண்பாட்டை நீதிபதியாக அமர்த்துவதிலும் ஆபத்து உண்டு, அதையும் மறைக்கலாகாது. நம் பண்பாடு விதவைக்கு ஒரு சட்டமும் மனைவியை இழந்தவனுக்கு ஒரு சட்டமும் வைத்திருந்தது. அவள் வாழ்நாள் முழுவதும் வெள்ளைச் சேலையில் துக்கம் காக்க வேண்டும். அவனுக்கு ஆண்டு முடியுமுன் பெண் பார்ப்பார்கள். பத்து ஆண்டு துயருற்றவளை ஊர் மெச்சும். ஆறு மாதத்தில் சிரித்தவளைப் பழிக்கும். அந்த மெச்சுதலின் அடியில், உதவி கிட்டாமல் உறைந்துபோன பெண்கள் எத்தனை பேர்? அவர்களுக்குப் ‘பண்பாடு ஏற்கும் எதிர்வினை’ என்ற விலக்கு சிறைக்கதவின் பூட்டே ஆகும். ஆகவே நாட்காட்டியையும் ஊர் வழக்கையும் சேர்த்து வைத்தாலும் அம்மனிதரிடமே கேட்க வேண்டியது மிஞ்சி நிற்கிறது.

திருச்சபையும் தன் எல்லைக்கோட்டை மாற்றியதுண்டு. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, அறிந்தே தன்னுயிர் மாய்த்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் மறுக்கப்படுவோர் பட்டியலில் அவர்கள் இல்லை. 1992இல் வெளியான மறைக்கல்வி நூல், கடுமையான உளக்கோளாறுகள் அத்தகையோரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் எனக் கூறுகிறது. உளவியலின் எல்லைக்கோடு இங்கே இரக்கத்தின் கருவியாயிற்று. சவப்பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுவரப் பல குடும்பங்களுக்கு அது வழிவிட்டது. வரையறையே வேண்டாம் என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அக்குடும்பத்தாரின் துக்கத்திற்கு இன்றும் ஊரில் இடம் குறைவு. இறந்தவரின் பெயரையே எவரும் சொல்லாத வீட்டில், எந்த வழக்கின்படி அவர்கள் அழுவது?

இந்தியாவில் இது ஏட்டுச் சர்ச்சை மட்டும் அன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயை உலகச் சுகாதார நிறுவனத்தின் அண்மைப் பட்டியல் உள்ளிட்ட ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே தீர்மானிக்க வேண்டும் என்கிறது. ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, சமய, அரசியல் மதிப்புகளுக்கு இணங்காமையை மட்டும் வைத்து அவரை நோயாளி எனலாகாது என்றும் தடுக்கிறது. கார்ட்ரைட்டின் அடிமைகளுக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது. ஆனால் அப்பட்டியலின் வழியே ஆறு மாத எல்லையும் உடன் வருகிறது. அதைக் கையாளும் மருத்துவர், முன் அமர்ந்திருக்கும் பெண்ணிடம் எதைக் கேட்பார்? இலங்கையில் போராலும் ஆழிப்பேரலையாலும் துன்புற்றோரிடையே ஆய்வு செய்த உளவியலறிஞர் காயத்ரி பெர்னாண்டோ, மக்கள் தம் துன்பத்தை உள்ளத்தில் நிகழும் ஒன்றாகச் சொல்வதைவிட, உறவுகளில் விழுந்த முறிவாகவே மிகுதியும் சொல்லக் கண்டார். நம் பெண்களும், ‘வாழ்வில் பொருள் இல்லை’ என்று சொல்வதில்லை. ‘நெஞ்சை அடைக்கிறது’, ‘பெற்ற வயிறு எரிகிறது’, ‘சோறு இறங்கவில்லை’, ‘வீட்டில் விளக்கு வைக்க மனமில்லை’ என்பார்கள். இவற்றைக் கேட்கும் மருத்துவர் இரைப்பைக்கு ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிடவும் கூடும். எட்டு அறிகுறிகளின் தாளை எடுத்துக் குறியிடவும் கூடும். இறந்தவரின் பெயர் என்ன, அவருக்கு என்ன சமைத்துக் கொடுப்பீர்கள் என்று கேட்க, அத்தாளில் இடம் விடப்படவில்லை.